சந்தேகம், முடிவு, வண்டி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அக்கா கையில் பிறந்து இன்று அம்மா அப்பாவோடு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பைக் கூடப்பிறந்தவன் என்ற முறையில் என்னிடம் கொடுத்தார்கள். எதையும் தள்ளிப்போடுகிறவன் என்று ஊருக்கே தெரிந்த என்னிடம் கொடுத்ததால் அச்சகத்துக்காரர் நான்கு முறை போன் செய்ய வேண்டியதாயிற்று. தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது அடி அண்ணாமலையில், இதே வீட்டில். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். அக்கா மூத்தவர், ஆறு வருடம் கழித்து நான். அம்மாவுக்கு எப்போதும் மூச்சிரைப்பு இருந்ததால், என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டவர் அக்காதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தார். அப்பா அதை மாடத்தில் வைத்துவிட்டு, "ஜோசியரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார். ஜோசியர் வெளியூர் போயிருந்தார். கடைசி நாள் வந்தது. காலையில் அக்காவைக் காணோம், மாடத்தில் விண்ணப்பத்தையும் காணோம். மதியம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர், "குடுத்துட்டேன்பா. ஜோசியர் வேணாம்னா அப்ப வாபஸ் வாங்கிக்கலாம்" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்து, அது அடங்குவதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. ஜோசியரை அதற்கப்புறம் யாரும் கேட்கவே இல்லை.

"திருப்பிக்க முடியிற முடிவுன்னா உடனே எடுத்துடணும்டா. திருப்ப முடியாததுன்னா வேணா ஒரு டீ குடிச்சிட்டு எடு" என்று பின்னாளில் என்னிடம் சொல்வார். ஒரு டீ, அவ்வளவுதான் அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட அவகாசம்.

திருமணமாகி ஐந்தாம் வருடம் மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அக்காவின் ஒரே மகள் பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது. காரியம் முடிந்த மறுநாளே அக்கா வெள்ளைச் சேலை சீருடையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். உறவில் சிலர் வாய் கூசாமல் பேசினார்கள். இந்த மலரைப் படிக்கிறவர்களில் அவர்களும் இருக்கலாம், இருந்தால் இருக்கட்டும். அன்று அக்கா பஸ் ஏறும்வரை அழாமல் இருந்ததையும், ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதையும் பார்த்தவன் நான். பாப்பாவை என் மனைவியும் அம்மாவும் பார்த்துக்கொண்டார்கள். அக்கா இங்கேயே, எங்களோடு, கடைசிவரை இருந்தார்.

சுற்றுவட்டாரத்துப் பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டுக் கடைசிப் பத்தொன்பது வருடங்கள் கிரிவலப் பாதையை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றினார். பிரசவம்தான் முக்கிய வேலை. சிக்கலான பிரசவம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது, எப்போது அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் அங்கே இருக்கும் செவிலியர்தான் முதலில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் இது ஒரு கஷ்டம் என்றால், நம் ஊரில் மாதம் ஒருமுறை இரண்டு கஷ்டம். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையைச் சுற்றுவார்கள். பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். விட்டாலும் நகர முடியாது.

அந்த வேலையில் சேர்ந்த முதல் வருடம் நடந்ததை அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். அன்று பௌர்ணமி.

"ஒரு மணிக்கே எனக்கு மனசுல பட்டுச்சுடா, இது இங்க ஆவாதுன்னு. காலண்டரப் பார்த்தேன். நாலு மணிக்குத் திதி முடியுது. கூட்டம் கம்மியாயிடும், அப்ப அனுப்பலாம்னு இருந்துட்டேன். நாலரைக்கு அனுப்புனேன். பொண்ணு பொழைச்சிது. கொழந்த அழவே இல்ல."

இதைச் சொல்லும்போது அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது ஒரு வசதியாக இருந்தது.

அந்த வாரமே ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கினார். ஓரத்தில் பெயருக்கு இடம் விட்டு, பக்கத்துக்கு மூன்று கட்டம் கோடு போட்டார். முதல் கட்டத்தில் 'சந்தேகம்', இரண்டாவதில் 'முடிவு', மூன்றாவதில் 'வண்டி' என்று எழுதினார். ஒரு கர்ப்பிணியைப் பற்றி மனதில் எத்தனை மணிக்குச் சந்தேகம் தட்டியதோ அது முதல் கட்டம். அனுப்புவதா வேண்டாமா என்று எத்தனை மணிக்கு முடிவெடுத்தாரோ அது இரண்டாவது. வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டதோ அது மூன்றாவது. அரசாங்கம் கேட்ட நோட்டு அல்ல இது. அதிகாரிகள் யாரும் பார்த்ததும் இல்லை. அக்கா தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

"சந்தேகத்துக்கும் முடிவுக்கும் நடுவுல இருக்கிற நேரம் நம்மளுது இல்ல. அது அந்தப் பொண்ணோடது. அத எடுத்து நாம செலவு பண்ணக் கூடாது" என்பார்.

அதோடு 'பௌர்ணமிப் பட்டியல்' என்று ஒன்றையும் ஆரம்பித்தார். பௌர்ணமிக்கு முதல்நாள் காலையிலேயே நாள் நெருங்கியவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள் பெயர்களை எழுதி, ஒவ்வொரு வீடாகப் போன் செய்வார். சாலை அடைக்கும் முன்பே அவர்கள் டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும். அந்தப் பக்கம் மாமியார்கள் சும்மா இருப்பார்களா?

"வலியே வரலியே நர்சம்மா, இன்னாத்துக்கு இப்பவே போவணும்?"

"வலி வர்றப்ப ரோடு இருக்காதும்மா. ரோடு இருக்கிறப்ப போயிடு."

தேவையில்லாமல் நிறையப் பேரை அனுப்புகிறார் என்று மேலே இருந்தவர்களிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். "ஆமா சார், என் மேலயே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமும் பட்டியல் போட்டார். பட்டியலில் அடங்காமல் பௌர்ணமி அன்றே வலி வந்து நிற்கிறவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் ஊருக்குப் பின்னால் வயல்களுக்கு நடுவே ஒரு மண் சாலை உண்டு. கிரிவலப் பாதையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்ப் பெரிய சாலையில் ஏறும். சலீம் பாயின் ஆட்டோவில் அந்தச் சாலையில் எத்தனையோ பெண்களை அக்கா மடியில் சாய்த்துக்கொண்டு போயிருக்கிறார். பாய்க்கு ஒவ்வொரு பள்ளமும் மனப்பாடம். ஒரு பிள்ளை ஆட்டோவிலேயே பிறந்தது. அவன் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறான், இன்று வந்திருக்கிறான்.

என் கதைக்கு வருகிறேன். நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்பில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கையெழுத்துப் போட்டால்தானே தப்பு வரும்? பேசிக்கொண்டே இருந்தால் ஒரு தப்பும் வராது. இதை நான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அக்கா கேலி செய்வார்: "உன் டேபிளுக்கு ஒரு பிரசவம் வந்திருந்தா, அந்தக் கொழந்த ஓட்டு போடுற வயசுலதான்டா பொறந்திருக்கும்."

அக்கா ஓய்வு பெற்ற அன்று மாலை, மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். "முப்பத்து மூணு வருஷமா முடிவு எடுத்து எடுத்து மண்ட காஞ்சி போச்சுடா தம்பி. இனிமே எல்லாம் நீயே பாத்துக்கோ. நீ சொல்றபடி நான் கேட்டுக்கிறேன்." வாழ்நாளில் முதல்முறையாக என்னை ஒரு பெரிய மனுஷனாக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் பௌர்ணமிக்கு முதல்நாள் ஆனால் பழைய பழக்கம் விடாது. தன் இடத்துக்கு வந்த செவிலியர் மல்லிகாவுக்குப் போன் செய்து, "லிஸ்ட் போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

போன ஆவணிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் மனைவி ஆரணியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அக்காவும்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் செய்தித்தாளை விரித்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்கா இடது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்துத் தன் நாடியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, தாடையில இன்னாமோ இழுக்குதுடா. தோளும் ஒரு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாமா?"

வேலையில் யாரிடமும் கேட்காத அக்கா, தனக்கு என்று வந்தபோது என்னிடம் கேட்டார்.

நான் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். பௌர்ணமி மாலை 5.12 வரை என்று போட்டிருந்தது. "இப்ப ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்கக்கா. நேத்து சாயங்காலமே திதி ஆரம்பிச்சிடுச்சு, பாதிக் கூட்டம் நேத்தே சுத்திட்டுப் போயிருக்கும். அஞ்சே காலுக்குத் திதி முடிஞ்சிடும், கூட்டம் கம்மியாயிடும். அப்ப நிதானமாப் போய்க்கலாம். மொச்சக்கொட்டை கொழம்பு, வாயுவாத்தான் இருக்கும்" என்றேன்.

அக்கா காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வயக்காட்டு ரோடு?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளா மழையாச்சே, சேறா இருக்கும். ஆட்டோ மாட்டிக்கிச்சுன்னா ஜாஸ்தி கஷ்டம்."

"சரிடா. நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து படுத்தார்.

ஒரு வருடமாக அந்தப் பார்வை என் முன்னால் நிற்கிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்ன கதை அவர் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. வரவில்லை என்று எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. அதே காலண்டர், அதே திதிக் கணக்கு. நன்றாகத் தெரிந்த கதையைத் திரும்ப என் வீட்டிலேயே நடத்தினேன்.

சும்மாவும் இருக்கவில்லை. மருந்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அலுவலக நண்பருக்குப் போன் செய்தேன். எதற்கும் ஒரு டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றார். போலீசில் இருக்கும் மைத்துனருக்குப் போன் செய்து கூட்டம் எப்படி என்று கேட்டேன். ஜாஸ்திதான், பார்த்து வாங்க என்றார். ஆளாளுக்குக் கருத்துக் கேட்டேன். என் அக்காவை ஒரு கோப்பைப் போல மேசை மேசையாக அனுப்பினேன். நடுவில் இரண்டு முறை "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன். "இருக்குடா" என்றார். நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

ஐந்தே கால் ஆனது. தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். கூட்டம் குறையவில்லை, கூடியிருந்தது. விடுமுறை நாளில் வருகிற ஜனத்துக்குத் திதியெல்லாம் ஒரு கணக்கா? குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். இன்னும் அரைமணி பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா வாந்தி எடுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து சரிந்திருந்தார். உதடு கறுத்திருந்தது.

சலீம் பாய்க்குப் போன் செய்தேன். "நர்சம்மாவுக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். பத்து நிமிடத்தில் வாசலில் நின்றார். வயல் சாலையில் சேறு இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. எந்தப் பள்ளத்தில் எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியும், அக்காதான் சொல்லிக்கொடுத்தது. பெரிய சாலையை அடையப் பதினைந்து நிமிடம் ஆனது. பாய் போனில் சொல்லி வரவழைத்திருந்த ஆம்புலன்ஸ் அங்கே காத்துக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடம்தான். இரண்டரை மணிக்குக் கிளம்பியிருந்தால் மூன்று மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பார்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு இப்பவே போன் போடு. அப்புறம்னு இருக்காத" என்றார். எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகள் வயது இருக்கும். ஓடி வந்து பார்த்தார். "எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்டார்.

"இப்பதாம்மா... அஞ்சரை மணிக்கு" என்றேன்.

மருத்துவரிடம் பொய் சொன்னேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்கா கையை மெல்லத் தூக்கினார். இரண்டு விரலைக் காட்டினார்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்று மருத்துவர் குனிந்தார். விரல் இறங்கவில்லை. அக்காவுக்கு என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் துளியும் இருந்திருக்காது. மருத்துவர் நேரம் கேட்டார். முப்பத்து மூன்று வருடம் சரியான நேரத்தைச் சொல்லியே பழகியவர், சொன்னார்.

"ரெண்டு மணிங்கம்மா. ரெண்டு மணிக்கே சொன்னாங்க" என்றேன். மருத்துவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். அவர்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த ஐயர் உயிர் பிரிந்த நேரம் கேட்டார். சொன்னேன். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "பௌர்ணமி முடிஞ்சிடுச்சு. பிரதமை திதி" என்றார். நான் முடியட்டும் என்று காத்திருந்த பௌர்ணமி முடிந்துதான் இருந்தது. அதனால் அக்காவின் நினைவு நாள் வருடா வருடம் பௌர்ணமிக்கு மறுநாள் வரும். இன்று சாலையில் தடை ஏதும் இல்லை. நீங்கள் எல்லோரும் வீட்டு வாசல்வரை வண்டியிலேயே வந்து இறங்கியிருப்பீர்கள்.

மூன்றாம் நாள் அக்காவின் படுக்கையை எடுத்தபோது தலையணைக்கு அடியில் மூக்குக் கண்ணாடியும் அந்த நோட்டும் இருந்தன. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூடி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பெங்களூரிலிருந்து வந்த பாப்பா, "அன்னைக்கு என்னாச்சு மாமா? அம்மா முன்னாடியே ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டபோது, "எல்லாம் திடீர்னு ஆயிடுச்சு பாப்பா" என்றேன். பதினாறாம் நாள் கேட்டாள், அதையே சொன்னேன். பொங்கலுக்கு வந்தபோதும் கேட்டாள். பெற்ற பிள்ளையின் கேள்விக்கும் நான் 'பேசவும்' எழுதித் திருப்பி அனுப்பினேன்.

போன வாரம் இந்தக் கட்டுரையை இதுவரை எழுதிவிட்டுப் பாப்பாவை வரச் சொன்னேன். அக்காவின் கட்டிலில் அவள் உட்கார்ந்திருக்க, நான் எதிரில் நின்று படித்தேன். உட்கார்ந்து படிக்க மனம் வரவில்லை. இரண்டு விரல் வந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. தாளை வாங்கி அவளே படித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அச்சுக்கு எப்ப குடுக்கணும் மாமா?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் குடுத்தாப் போதும்."

"இன்னைக்கே குடுத்துடுங்க."

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் ஆட்டோ ஓட்டிய சலீம் பாய்க்கும், வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடாத அவர் வீட்டாருக்கும் நன்றி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் சாலையில் நின்று எங்களுக்காகக் கையாட்டிய ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கு நன்றி. கடைசிவரை போராடிய அந்த இளம் மருத்துவருக்கும் அவரோடு இருந்த செவிலியர்களுக்கும் நன்றி. டாக்டரம்மா, உங்களிடம் முதலில் பொய் சொன்னதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினாறு நாளும் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கு நன்றி. பட்டியலை ஒரு மாதமும் விடாமல் போடும் மல்லிகாவுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. போன மாதமும் போட்டிருக்கிறார். ஏழு பெண்கள் சாலை இருக்கும்போதே டவுனுக்குப் போய்விட்டார்கள்.

பாப்பா அன்று கிளம்பும் முன் பீரோவைத் திறந்து அவளிடம் நோட்டைக் கொடுத்தேன். கடைசி வரியில் பெயர் இல்லை, முதல் கட்டத்தில் மட்டும் அக்காவின் கையெழுத்தில் நேரம் இருந்தது. மற்ற இரண்டையும் எனக்காக விட்டிருந்தார். "நீங்களே எழுதுங்க மாமா" என்று பேனாவைக் கொடுத்தாள். எழுதினேன்.

சந்தேகம்: 2.10.

முடிவு: 5.35.

வண்டி: 5.50.

நடுவில் இருக்கும் மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் என்னுடையது இல்லை. அது அக்காவுடையது.